உன் கைக்கு ஒரு பிடி

ஜனவரி 9

கடைக்காரருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன" என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டீர்கள்.

கறிக்கடைக்குப் போன் செய்தேன். பின்னால் எலும்பு வெட்டும் சத்தம், நடுநடுவே உங்கள் "ம்". அப்புறம் வைத்துவிட்டீர்கள். இங்கே போன் வார்டன் அம்மாவின் அறையில் இருக்கிறது. நான் பேசுவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் கேட்கிறார். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு "ம்" என்று பதில் எழுத முடியாது பாருங்கள்.

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும், உண்மைதானே. மருத்துவ முகாமில் நர்ஸ் உங்கள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம். இனிமேல் உங்கள் தட்டில் பாதி காய்கறிக்கு, மீதிப் பாதியில் சோறும் கறியும் எப்படியோ அனுசரித்துக்கொள்ளட்டும் என்றார். அன்றைக்கே பீன்ஸும் கேரட்டும் வதக்கி வைத்தேன். நீங்கள் சீட்டாட வந்த கூட்டாளிகள் எதிரில் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் ஆட்டுத் தொட்டியில் கொட்டினீர்கள். "ஆட்டுக்கு வைக்கிறத எனக்கு ஏன் வைக்கிறே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆடு மட்டும் ஒன்றும் சொல்லாமல் தின்றது. அந்த வீட்டில் என் சமையலுக்கு மரியாதை கொடுத்த ஜீவன் அது ஒன்றுதான். அதையும் மறுநாள் வெட்டிவிட்டீர்கள்.

பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நீங்கள் போய்விட்டால் எனக்கு யார் என்று நான் யோசித்தது உங்களுக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இது பெண்கள் படிக்கும் பயிற்சிப் பள்ளியின் ஹாஸ்டல். சமையலறை நீளமாக ஒரு ரயில் பெட்டி போல இருக்கிறது. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் காய் நறுக்குகிற சிமெண்டு மேடை. ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவுகிற இடம். பிள்ளைகள் என்னைச் சமையல் அக்கா என்கிறார்கள். காலையில் கத்தியைக் கையில் எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைக்கிறேன். ஆனால் இங்கே யாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போவதில்லை.

நான் வீட்டுக்கு வர ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும். அதில் தினம் ஒரு பிடி கீரை. அதை நீங்களாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 20

வீட்டுக்காரிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்.

அந்த ஆட்டை மறுநாள் வெட்டவில்லை. அடுத்த வாரம்தான் வெட்டினேன். எழுதுவதை உண்மையாக எழுது.

நீ எங்கே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றேன். எந்தச் சொந்தம், என்ன உடம்பு என்று அடுத்த கேள்வி. ஆளுக்கு ஒன்று சொல்லிவைத்து இப்போது யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருத்தர் உன் அத்தை இறந்துபோனதற்குத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

என் அப்பா கடைசிவரை கறிதான் தின்றார். இலை தழை எதையும் தொட்டதில்லை. எண்பது வயது வரை இருந்தார். அவருக்கு எந்த நர்ஸும் பட்டை சுற்றவில்லை.

கட்டைவிரலில் சின்ன வெட்டு. ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, வேறு ஒன்றுமில்லை. துணி சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

உனக்கு எதற்கு இந்த வேலை? வீட்டில் இரண்டு பேருக்கு வெட்டுவதும் ஊருக்கே வெட்டுவதும் ஒன்றா? கத்திப் பிழைப்பு என்னவென்று எனக்குத் தெரியும். கை தாங்காது. கொஞ்ச நாளில் முடியவில்லை என்று நீயே திரும்பி வருவாய், பார்.

கடைக்காரன்


ஜனவரி 29

கடைக்காரருக்கு,

முடியவில்லை என்று திரும்பி வருவேன் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த வரியை மட்டும் கத்தரித்து மேடைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். கை ஓயும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். உடனே பத்து கேரட் கூடுதலாக நறுக்குகிறேன்.

என் அத்தையைக் கொன்றதற்கு நன்றி. அவள் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறாள்.

உங்கள் அப்பா எண்பது வரை இருந்தார், சரி. கடைசிப் பத்து வருஷம் எப்படி இருந்தார்? காலையில் கழிவறைக்குள் போனால் நாம் கடை திறந்து பாதி வியாபாரம் முடித்த பிறகுதான் வெளியே வருவார். வரும்போது முகம் சண்டைக்குப் போய்த் தோற்றவர் மாதிரி இருக்கும். வாளி தூக்கி வைத்தவள் நான், எனக்குத் தெரியும். நாரில்லாத சாப்பாடு குடலில் நகராது என்று நர்ஸ் சொன்னபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு பெண் இருக்கிறாள். எந்தக் காயைப் போட்டாலும் தட்டின் ஓரத்தில் வேலி கட்டிவிட்டு நடுவில் இருக்கிற சோற்றை மட்டும் தின்பாள். ஓரங்கட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். மதியம் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் புகார் சொன்னார். நான் சண்டை போடவில்லை. கேரட்டைத் துருவி, முட்டையோடு சேர்த்து வதக்கிப் போட்டேன். வேலி கட்ட முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, "அக்கா, நேத்து போட்டது இன்னைக்கு இல்லையா?" என்று அவளே வந்து நின்றாள். வார்டன் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதாம், என் கைராசி என்கிறார். அவர் சாயங்காலம் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார், அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இதெல்லாம் மந்திரம் இல்லை. காய்கறி வயிற்றை நிரப்பும், அவ்வளவு கொழுப்பு சேராது, அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். மெதுவாகத்தான் வேலை செய்யும். உங்களைப் போல ஒரே வெட்டில் முடிக்காது.

கட்டைவிரல் ரத்தம் ஏன் நிற்கவில்லை? உங்களுக்கு வெட்டுப்பட்டால் உடனே காய்ந்துவிடுமே. இதற்குப் பதில் எழுதுங்கள்.

வீட்டுக்காரி


பிப்ரவரி 15

வீட்டுக்காரிக்கு,

ஆரம்பித்துவிட்டேன்.

எப்படி என்று கேட்பாய். எதிர்த்த வரிசைக் காய்கறிக் கடை அம்மாவிடம் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைப் படியில் நான் கால் வைத்ததில்லை. என் கடை வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கீரை வேண்டும் என்றேன். "ஆட்டுக்காண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? அவள் உள்ளே போய், வாடியது முற்றியது எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கொண்டு வந்து கொடுத்தாள். இப்போது தினமும் எடுத்து வைத்துவிடுகிறாள். ஆடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள். நன்றாகத் தேறி வருகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் வெட்டி, எலும்பு வேகவைக்கிற பாத்திரத்தில் போட்டு, எலும்பு வேகிற நேரம் வேகவைத்தேன். மூடியைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. கீரையைக் காணோம். அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஆட்டின்மேல் எனக்கு முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது.

மறுநாள் பூசணிக்காயை ஆட்டுத் தொடை மாதிரி கொக்கியில் மாட்டித் தோல் உரிக்கப் பார்த்தேன். விழுந்துவிட்டது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

கட்டைவிரல் ஆறிவிட்டது.

கடைக்காரன்


பிப்ரவரி 24

கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மேடையில் நின்றபடியே படித்துச் சிரித்தேன். என்னவென்று ஓரங்கட்டி கேட்டாள், படித்துக் காட்டினேன். அவள் அடுத்த மேசைக்குச் சொல்லி, இப்போது ஹாஸ்டல் முழுக்க உங்கள் பூசணிக்காய் கதைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை பேர் உங்களை விரும்புவது இதுதான் முதல் தடவை.

கீரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, சூடான சட்டியில் பூண்டு போட்டு, அதன்மேல் போடுங்கள். சுருங்கியதும் இறக்கிவிடுங்கள். நீங்கள் ஒரு துண்டு ஈரலை வதக்குகிற நேரம்கூட ஆகாது. ஈரலை அதிகம் வேகவைத்தால் செருப்பாகிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பீர்களே, அதே கதைதான். முற்றிய தண்டைத் தூக்கிப் போடுங்கள். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி இளங்கீரையாக வாங்குங்கள். சொன்னால் தலை போய்விடாது.

தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவர், வெட்கத்தை விட்டு எதிர்க்கடைக்குப் போயிருக்கிறீர்கள். நான் நினைத்ததைவிட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரி


மார்ச் 10

வீட்டுக்காரிக்கு,

நீ சொன்ன மாதிரி பூண்டு போட்டுச் செய்தேன். தின்ன முடிகிறது. நல்லாயிருக்கிறது என்று எழுத மாட்டேன், அதைச் சுவரில் ஒட்டிவிடுவாய்.

சில விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். காலையில் கழிவறையில் எனக்கு வேலை சட்டென்று முடிந்துவிடுகிறது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கலாம் என்று நினைத்தேன். குளிர்பெட்டி இருக்கிற மாடிக்குக் உரித்த முழு ஆட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறேன். மத்தியானம் தின்றதும் வருகிற மயக்கத் தூக்கம் வருவதில்லை.

பாதித் தட்டு என்று நீ சொன்னாய். நான் முக்கால் தட்டு தின்கிறேன். கீரை மூன்று வேளையும். எந்தச் சரக்கையும் சரியாக நிறுத்துக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். தராசு நேராக நின்ற பிறகு மேலே ஒரு துண்டு போட்டால்தான் எனக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். சட்டியிலும் அப்படித்தான். ஒரு பிடி போடுவேன், கை தானாக இன்னொரு பிடி அள்ளும்.

இத்தனையும் எதற்குச் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். எப்போது வருகிறாய்?

உறையில் விலாசம் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். என் விலாசம் எழுதக்கூட உனக்குக் கசக்கிறதா?

கடைக்காரன்


மார்ச் 19

கடைக்காரருக்கு,

உறை எழுதியது ஓரங்கட்டி. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, தபால்காரருக்கு வசதி. கசப்பெல்லாம் இல்லை.

மூன்று வேளையும் கீரையா? நான் ஒரு பிடி என்றுதானே சொன்னேன். உங்களுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. முன்னே கறியில் மூழ்கிக் கிடந்தீர்கள், இப்போது கீரையில் குதித்திருக்கிறீர்கள். பரவாயில்லை, காய்கறி தின்று யாரும் கெட்டதில்லை. நன்றாகத் தின்னுங்கள்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை மே மாதத் தொடக்கத்தில் முடிகிறது. முடிந்த மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். கூடமாட இருந்த உதவிச் சமையல்காரி நின்றுவிட்டாள், அதனால் நடுவில் விட்டு வர முடியாது. கால்சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வையுங்கள். கயிற்றோடு பஸ் நிலையத்துக்கு வந்து மானத்தை வாங்காதீர்கள்.

வீட்டுக்காரி


ஏப்ரல் 2

வீட்டுக்காரிக்கு

கை கொஞ்சம் சரியில்லை. கடை மூடியிருக்கிறது. எனக்கென்ன. பிறகு எழுதுகிறேன்.


ஏப்ரல் 5

கடைக்காரருக்கு,

இது என்ன எழுத்து? வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. "கடை" என்று எழுத மூன்று தடவை முயற்சி செய்து அடித்திருக்கிறீர்கள். அந்தக் கடையை நீங்கள் ஒரு நாளும் மூடியதில்லை. நம் கல்யாணத்தன்றுகூடக் காலையில் திறந்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

கடைக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. வார்டன் அம்மா இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை, எழுந்து வெளியே போய்விடுகிறார். அடுப்பில் இரண்டு தடவை தீய விட்டுவிட்டேன்.

என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். இந்தக் கடிதத்திலும் "எனக்கென்ன" என்று எழுதினால் பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பி வருவேன்.


ஏப்ரல் 13

வீட்டுக்காரிக்கு,

கிளம்பாதே. எழுந்து நடமாடுகிறேன். எழுத்து நேராகிவிட்டது, நீயே பார்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். நீ போன இரண்டு வாரத்தில் கடையில் மயங்கி விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, அதனால் ரத்தம் உள்ளே கட்டி தட்டலாம் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார். கட்டைவிரல் வெட்டு நிற்காமல் ஒழுகியது அதனால்தான். நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன்.

மாத்திரையோடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. கடைக்குக் கொண்டு வந்து, பொட்டலம் கட்டுகிற காகிதங்களோடு வைத்தேன். மறுநாள் தேடினால் இல்லை. யாருக்கோ ஈரல் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஈரல் வாங்கியவர் படித்தாரோ என்னவோ, நான் படிக்கவில்லை. ரத்தம் பரிசோதிக்க வரச் சொன்ன நாளிலும் கடையில் கூட்டம் என்று போகவில்லை.

அதில் கீரையைப் பற்றி இருந்ததாம். கீரையில் இருக்கிற ஏதோ ஒரு சத்து அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யுமாம். கொஞ்சமும் தின்னாதவன் திடீரென்று மூன்று வேளையும் கட்டுக் கட்டாகத் தின்றால் மாத்திரை தின்றும் தின்னாத மாதிரி ஆகிவிடுமாம். மாசக் கடைசியில் ஒரு காலை, கத்தியை ஓங்கினேன். கை பாதியில் தானாக இறங்கிவிட்டது. கத்தி கீழே விழுந்தது. பேச வாய் எடுத்தால் நாக்கு குழறுகிறது. எதிர்க்கடை அம்மா ஓடி வந்து வண்டி பிடித்தாள். மூளைக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு கட்டி அடைத்துத் தானே விலகிவிட்டது என்றார்கள். தலை தப்பியது.

என்ன சாப்பாட்டை மாற்றினீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒரு பிடி கீரை என்றேன். எவ்வளவு காட்டுங்கள் என்றார். கையைக் காட்டினேன். "இது பிடி இல்லீங்க, ஒரு கட்டு" என்றார். பக்கத்தில் நின்ற எதிர்க்கடை அம்மாவுக்கு அப்போதுதான் ஆடு யார் என்று தெரிந்தது. பாவம், அழுதுகொண்டே சிரித்தாள்.

இனிமேல் கீரையே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்றேன். டாக்டர் விடவில்லை. "நிறுத்தாதீங்க. உங்க அழுத்தம் இறங்கியிருக்கு, எடை இறங்கியிருக்கு, அதெல்லாம் காய்கறியாலதான். தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க. அந்த அளவுக்குத் தகுந்த மாதிரி நான் மாத்திரைய வைக்கிறேன்" என்றார். பூசணி, கேரட், வெள்ளரி எல்லாம் வழக்கம்போலத் தின்னலாமாம். கீரைதான் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறையக் கூடாது. எதை மாற்றினாலும் அவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அன்றைக்கே வந்திருப்பாய். விழுந்தவனைத் தூக்க வந்ததாக ஆகியிருக்கும். நீ எனக்காக வர வேண்டும் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

ஒரு பிடி என்று நீ சொன்னது உன் கைக்கு. நான் அள்ளியது என் கைக்கு. எனக்கு அளவு தெரிய வேண்டும். ஒரு தாளில் உன் கையை வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு.

கடைக்காரன்


ஏப்ரல் 20

கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஓரங்கட்டி வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. காய்கறி தின்று யாரும் கெட்டதில்லை, நன்றாகத் தின்னுங்கள் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மாத்திரை விஷயம் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, நானே உங்களைக் குழிக்குள் தள்ளப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மிச்ச நாளெல்லாம் நான் கீரைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பேன்? அதை நினைத்துப் பார்த்தீர்களா? உடம்பு உங்களுடையதாக இருக்கலாம். அதற்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? ஆட்டுத் தொட்டியில் கொட்டியதைக்கூட மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க நாளாகும்.

எனக்காக வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைச் சுவரில் ஒட்டவில்லை. என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கை வரைந்திருக்கிறேன். அள்ளுவது வலது கையால் என்பதால் வலது கையை வைத்து இடது கையால் வரைந்தேன். கோடு கோணலாகத்தான் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். உள்ளங்கையில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான், ஆய்ந்த பிறகு. மேலே ஒரு பிடி கிடையாது. இது உங்கள் தராசு இல்லை.

ரத்தம் பரிசோதிக்கிற நாளில் கடை மூடியிருக்க வேண்டும். எதிர்க்கடை அம்மாவிடம் சொல்லிவைத்து, மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். மே மாதம் வந்துவிடுவேன்.

வீட்டுக்காரி


ஏப்ரல் 26

வீட்டுக்காரிக்கு,

உன் கை வந்து சேர்ந்தது.

கடை மேசையில் விரித்து வைத்து அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். உன் கை முழுசாக உள்ளே மறைந்துவிட்டது. டாக்டர் சொன்னது சரிதான்.

பிறகு என் கையை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கோணல் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை, நீ சொன்னபடி. ஆனால் நான் விடிந்தால் மூட்டு பார்த்து வெட்டுகிறவன். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடு மூட்டில் கோடு வெளியே புடைத்திருக்கிறது. மோதிர விரல் உன் சுண்டு விரல் உயரத்துக்குத்தான் வந்திருக்கிறது. விரல் குட்டையாகாது. அது நிமிரவில்லை. தாளில் கையை விரித்து வைக்கக்கூட உன்னால் முடியவில்லை.

உறையில் விலாசம் உன் எழுத்து இல்லாதது எதனால் என்று இப்போது தெரிகிறது. கடிதத்தை நீயே எழுதிவிட்டு, அதற்கு மேல் பேனா பிடிக்க முடியாமல் உறையை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறாய். முடியவில்லை என்று திரும்பி வருவாய் என்று நான் எழுதிய ஒரு வரிக்காக, வீங்கிய கையோடு இத்தனை நாள் வெட்டியிருக்கிறாய். உதவிக்கு ஆளும் இல்லாமல். எனக்குப் பத்து பக்கம் திட்டு எழுதுகிறாயே, உன் உடம்புக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

அந்த வரியைச் சுவரிலிருந்து கிழித்துப் போடு. நான் எழுதியது தப்பு.

கடையை மூடிவிட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன், மாத்திரை பையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். பரீட்சை முடிகிறவரை காய் நான் நறுக்குகிறேன். என் கைக்கு ஒன்றுமில்லை, பலம் திரும்பிவிட்டது, இதை டாக்டரே சொன்னார். வெட்டுப்படாமல் இருக்க இரும்புக் கையுறை எடுத்து வருகிறேன். வார்டன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பெரிய கத்தியோடு ஒருத்தர் வருவார், பயப்பட வேண்டாம் என்று. பூசணிக்காயைக் கொக்கியில் மாட்ட மாட்டேன் என்று அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. அங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில் உன் கையைக் காட்ட வேண்டும், நானும் கூட வருவேன், "எனக்கென்ன" என்று நீ சொல்லக் கூடாது.

நீ அனுப்பிய தாளை அளவுக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது நீ நன்றாக இருப்பதாகக் காட்டுவதற்காக வரைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் வரும்வரை கீரையைச் சட்டியில் போடாதே. என் எதிரில் அள்ளு. இப்போது இருக்கிற கையால், எவ்வளவு அள்ள முடிகிறதோ அவ்வளவு அள்ளு. இனிமேல் அதுதான் என் அளவு. மாத்திரையை டாக்டர் அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்காரன்